சிவப்பு மையும் ஒரு மாணாக்கனும்

புலவர் வரலாறு எழுதுதல் எங்கள் புத்தளக் கடற்கரைக்குப் புதிய தொழிலன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து 1859ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நூலாக்கினார். அக்கரையைச் சேர்ந்த ஆசிரியன் என்னும் உரிமையோடு, சீனப் புலவர் ஒருவரின் வாழ்க்கையை இங்குச் சொல்லப் புகுகின்றேன். லூ சுன் என்னும் பெயரை இலக்கிய அன்பர் அறிவர். எனினும் அவருடைய கதைகளைவிட, அந்நிய நாட்டில் அவர் மாணாக்கராய் வாழ்ந்த நாட்களையே விரித்துரைக்க விரும்புகின்றேன். கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை, இளைஞர் கடல் கடந்து செல்லாத ஊர் இன்று அரிது. அவர்கள் பொருட்டே இக்கட்டுரை.

லூ சுன் 1881ஆம் ஆண்டு சீனாவின் சாவோசிங் நகரிற் பிறந்தார். இயற்பெயர் சௌ ஷூரென். பாட்டனார் தேர்வு ஊழல் வழக்கொன்றிற் சிறைப்பட்டார். தந்தையார் நெடுநாள் நோயுற்று 1896இல் இறந்தார். அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்குமாக நடந்து தேய்ந்த அச்சிறுவனின் உள்ளத்தில், நல்ல வைத்தியனாக வேண்டும் என்ற எண்ணம் பின்னர் வேரூன்றியது. நான்கிங்கிற் படித்து முடித்து, அரசாங்க உதவிப் பணம் பெற்று, 1902இல் யப்பான் சென்றார்.

டோக்கியோவில் அவர் சேர்ந்த கோபுன் கல்லூரியை நடத்தியவர் கானோ ஜிகோரோ. 1882இல் கோடோகன் பயிற்சிக்கூடத்தை நிறுவி, ஜூடோ என்னும் கலையை உலகுக்கு அளித்த பெரியார் இவரே. சீன மாணவர்க்கு யப்பானிய மொழியைக் கற்பித்த அக்கல்லூரியில், 1903இல் ஜூடோப் பயிற்சியும் தொடங்கிற்று. அதிற் பெயர் பதிந்தோருள் லூ சுன்னும் ஒருவர். எதிரியை வீழ்த்தும் முன்னர், தான் அடிபடாமல் விழக் கற்பதே அக்கலையின் முதற்பாடம். எதிரே நிற்பவன் தன் உடலை நம்பி ஒப்படைத்தாலன்றிப் பயிற்சியும் இல்லை. இவ்விரண்டும் அவ்விளைஞருக்கு வேறொரு களத்திலும் வேண்டியிருந்தன.

1904இல் அவர் வடக்கேயுள்ள செண்டாய் நகரின் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே சீன மாணவர் அவர் ஒருவரே. உடற்கூற்றியல் கற்பித்தவர் புஜினோ கென்குரோ. உடையிற் கவனமில்லாதவர்; மாணவர் நகைத்த மனிதர். வகுப்புத் தொடங்கிய சில நாட்களில் அவர் லூ சுன்னை அழைத்து, விரிவுரைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். திரும்பி வந்த ஏட்டில், தொடக்கம் முதல் இறுதி வரை சிவப்பு மைத் திருத்தங்கள்! விடுபட்ட செய்திகள் சேர்க்கப்பட்டிருந்தன. மொழிப் பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. ஒருமுறை, அழகு கருதி ஓர் இரத்தக் குழாயைச் சற்றே இடம் மாற்றி வரைந்திருந்தார் மாணவர். உடற்கூற்றுப் படம் ஓவியமன்று என ஆசிரியர் இன்சொல்லால் உணர்த்தினார். எலும்பு, இரத்தக் குழாய், நரம்பு என அவர் கற்பித்த பாடங்கள் முடியும் வரை இப்பணி வாரந்தோறும் நடந்தது.

ஆண்டுத் தேர்வில் 142 பேரில் 68ஆம் இடம் கிடைத்தது. சீனனுக்கு இவ்வளவு அறிவு ஏது என்று சக மாணவர் சிலர் ஐயுற்றனர். ஆசிரியர் சிவப்பு மையால் வினாக்களைக் குறித்துக் காட்டினார் என்று வதந்தி பரப்பினர், குறிப்பேடுகளைச் சோதித்தனர், பெயரில்லாக் கடிதமும் விடுத்தனர். உண்மை யாதெனில், அவர் தேறத் தவறிய பாடம் புஜினோவின் உடற்கூற்றியல் ஒன்றே. அதில் அவர் பெற்றது 59.3 புள்ளிகள். ஏட்டைத் திருத்திய அதே கை, புள்ளியில் இம்மியும் சலுகை காட்டவில்லை. ஆசிரியரின் தனிக்கவனம் வேறு, பாரபட்சம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நான் கண்டதில்லை.

அதன்பின் நேர்ந்ததை உலகம் அறியும். ருசிய-யப்பானிய யுத்தப் படமொன்று வகுப்பறையிற் காட்டப்பட்டது. ஒற்றன் எனப் பிடிபட்ட சீனன் ஒருவன் கொல்லப்படுவதைச் சீனர் கூட்டமே வெறுமனே பார்த்து நின்றது. உடலை விட உள்ளத்துக்கே மருந்து வேண்டும் எனத் தாம் தெளிந்ததாகப் பின்னாளில் லூ சுன் எழுதினார். 1906இல் விடைபெறச் சென்றபோது, ஆசிரியர் மனம் நோகாதிருக்க, உயிரியல் படிக்கப் போவதாகப் பொய்யுரைத்தார். புஜினோ தமது நிழற்படத்தின் பின்புறம் பிரிவுத் துயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளை எழுதி அளித்தார்.

1918இல் வெளிவந்த பைத்தியக்காரனின் நாட்குறிப்பு முதலாக, லூ சுன் சீன உரைநடையின் போக்கையே மாற்றினார். ஆனால் ஆசிரியருக்கு ஒரு கடிதமேனும் எழுதினாரல்லர். சொல்லத்தக்க வெற்றி எதுவுமில்லை என்ற கூச்சம் முதலிலே தடுத்தது. பின்னர்க் கடந்துபோன ஆண்டுகளே தடையாயின. எனினும் பீக்கிங்கில் அவருடைய மேசைக்கு எதிரே அந்த நிழற்படம் தொங்கியது. 1926இல் புஜினோவைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 1935இல் தம் படைப்புகள் யப்பானிய மொழியில் வெளிவந்தபோது, அக்கட்டுரையைச் சேர்க்குமாறு வேண்டினார். ஆசிரியர் இருக்குமிடம் தெரியவரலாம் என்பது அவர் நம்பிக்கை. அது கைகூடுமுன் 1936 ஒக்டோபர் 19ஆம் நாள் ஷாங்காயில் மறைந்தார்.

கல்லூரிப் பதவியை 1915இல் இழந்த புஜினோ, அப்போது புக்குயியில் நாட்டுப்புற வைத்தியராய் வாழ்ந்தார். மாணவரின் புகழை அவர் நெடுங்காலம் அறிந்திலர். இளமையிற் சீன நூல்களைக் கற்றதனால் அந்நாட்டவரை மதிக்கக் கடமைப்பட்டிருந்ததாக மட்டும் அவர் நினைவுகூர்ந்தார். 1945இல் அவரும் மறைந்தார். தொலைந்தன என லூ சுன் வருந்திய குறிப்பேடுகள் ஆறு, 1951இல் சாவோசிங்கிற் கிடைத்தன.

அந்த மாணவர் வைத்தியரானாரல்லர்; ஆகவே புஜினோவின் உழைப்பு வீண் என்பார் உளரோ? தாழ்ந்த நாட்டான் என இகழப்பட்ட இடத்தில், தன் ஏட்டைப் பிழையின்றிக் காண விரும்பிய ஒருவர் இருந்தார் என்னும் நினைவு, முப்பது ஆண்டு அவர் எழுதுகோலைத் தாங்கிற்று. நம் கரையோரப் பள்ளிகளில் ஏடு திருத்தும் ஆசிரியர்கள் இதனை மனங்கொள்வாராக. கடல் கடந்து வாழும் மாணவர்களோ, வெற்றி வரட்டும் என்று காத்திராமல் இன்றே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவாராக.