நாட்காட்டி ஓவியர் கொண்டைய ராஜு

செனாவாங் போன்ற தோட்டப்புறங்களில், லயத்து வீட்டுச் சுவர்களைச் சிவகாசியில் அச்சான சாமி படங்கள் அலங்கரித்தன. அத்தகைய நாட்காட்டிப் படங்களுக்கு முன்னோடி கொண்டைய ராஜு.

1898இல் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றில் சேர்ந்து மேடைத் திரைச்சீலைகளைத் தீட்டினார். 1940களில் கோவில்பட்டியிலேயே நிலைத்துவிட்டார். நாடகத் திரையில் வரைந்து பழகிய தூண்களும் சோலைகளும் இப்போது முருகனுக்கும் இலக்குமிக்கும் பின்னணியாயின. அவ்வோவியங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கின. மாணவர்கள் சிலரும் அவரிடம் தொழில் பழகினர். 1976இல் அவர் மறைந்தார்.

ஆண்டு முடிந்தால் நாட்காட்டிக்கு வேலையில்லை. ஆனாலும், ஓவியக்கூடத்தையே பார்த்திராத தொழிலாளர் பலர் படத்தை மட்டும் வெட்டியெடுத்து, கண்ணாடி போட்டுச் சாமி மேடையில் வைத்துக்கொண்டனர்.