ஃபௌலர் என்றொரு வாத்தியார்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு தம்பி என்று செயலாளர் அண்ணன் போன் செய்தபோது, பம்பு, வால்வு என்று எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வால்வு என்றதும் ஒரு பழைய வெட்கம் ஞாபகத்துக்கு வந்தது. அதையும், அது அறிமுகப்படுத்திய ஒரு மனிதரையும் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க!

நம்மில் பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். முதல் வருஷம் லெக்சர் ஹாலில் திருதிருவென்று விழித்த கூட்டத்தில் நானும் ஒருவன். பிறகு இங்கிலீஷ் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்து, ஒருவழியாகத் தேறி, வேலைக்கும் போய்விட்டேன். சில வருஷம் கழித்து எனக்குக் கீழே ஒரு பையன் சேர்ந்தான். அவனும் தமிழ் மீடியம். ஆபரேட்டர் வால்வை முழுசாக மூடத் தவறினார் என்பதை 'ஃபெயில்டு டு கம்ப்ளீட்லி க்ளோஸ் த வால்வ்' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தான். 'டு' என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வேறு சொல் நுழையக் கூடாது என்பது நான் உருப்போட்ட விதி. எல்லோர் முன்னாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'ஃபெயில்டு கம்ப்ளீட்லி டு க்ளோஸ்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். அப்படியானால் வால்வை மூடவே இல்லையா என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. பையன் எழுதியது, வால்வு கொஞ்சம் திறந்திருந்தது என்று. நான் திருத்தியது, மூடும் காரியமே அடியோடு நடக்கவில்லை என்று. அந்தச் சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தாலாவது பிழைத்திருப்பேன்.

அன்றைக்கு நான் தேடிப் போய்ப் படித்தவர்தான் ஹென்றி வாட்சன் ஃபௌலர்.

1858 மார்ச் 10-ம் தேதி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள டன்பிரிட்ஜில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், மதகுருவும் கூட. ரக்பி பள்ளியிலும், ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியிலும் படிப்பு. பரீட்சையில் இரண்டாம் வகுப்புதான். (பின்வரிசை நண்பர்கள் கவனிக்க!) 1882-ல் வடக்கே செட்பர் என்ற ஊர்ப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்து, 17 வருஷம் அங்கேயே பாடம் நடத்தினார்.

விடுதியைப் பொறுப்பேற்கும் ஹவுஸ் மாஸ்டர் பதவி அவருக்கு வரவேண்டிய நேரம் வந்தது. அந்தப் பதவியில் இருப்பவர் பையன்களைத் திருச்சபையின் திடப்படுத்தல் சடங்குக்குத் தயார் செய்ய வேண்டும். ஃபௌலருக்கோ அந்த நம்பிக்கை இல்லை. பேருக்கு நாலு பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மனதில் இல்லாததை வாயால் சொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டு, 1899-ல் வேலையையே விட்டார். வயது 41. கையில் பெரிய காசும் இல்லை.

லண்டனுக்குப் போய்ப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். வரும்படி சொற்பம். 1903-ல் கெர்ன்ஸி தீவுக்குப் போனார். அங்கே அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவரான தம்பி ஃப்ரான்சிஸ் தக்காளி பயிரிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் ஆளுக்கொரு வீடு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து லூசியன் என்ற பழைய கிரேக்க எழுத்தாளரை மொழிபெயர்த்தார்கள். அடுத்து 1906-ல் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' வந்தது. பெரிய பத்திரிகைகளும் புகழ்பெற்ற ஆசிரியர்களும் செய்த பிழைகளை எடுத்துப் போட்டு, ஏன் பிழை என்று விளக்கிய புத்தகம். 1908-ல் தமது 50-வது பிறந்தநாளன்று ஃபௌலர் கல்யாணம் செய்துகொண்டார். 1911-ல் சகோதரர்கள் தொகுத்த 'கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரி' வெளிவந்தது. அந்த அகராதியின் பிற்காலப் பதிப்பு ஒன்றை நம்மில் பலர் லைப்ரரியில் புரட்டியிருப்போம்.

1915-ல் யுத்தம். 57 வயது ஃபௌலர், தமக்கு 44 என்று சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்தார். தம்பியும் கூடவே சேர்ந்தார். ஃப்ரான்சுக்குக் கூட்டிப்போய்ச் சண்டைக்கு அனுப்பாமல், பாத்திரம் கழுவவும் கரி சுமக்கவும் விட்டார்கள். சண்டைக்கென்று சேர்த்துக்கொண்டு இப்படிச் செய்வது நியாயமா என்று சகோதரர்கள் மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டார்கள். 1916-ல் ஃபௌலர் ஊர் திரும்பினார். ராணுவத்தில் காசநோய் வாங்கிக்கொண்ட தம்பி, 1918-ல் இறந்துபோனார்.

இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டத்தை ஒற்றை ஆளாக முடித்தார் ஃபௌலர். அதுதான் 1926-ல் வந்த 'எ டிக்ஷனரி ஆஃப் மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்'. தம்பிக்கே காணிக்கை. தம்பி இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்ற ஏக்கம் அந்தக் காணிக்கை வரிகளில் தெரிகிறது.

என் சிவப்பு வட்டத்துக்கு அதில் பதில் இருந்தது. 'டு'வைப் பிரிப்பதைப் பற்றி ஜனங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். விஷயமும் தெரியாது, கவலையும் இல்லை என்பவர்கள் முதல் வகை. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களாம். விஷயம் தெரியாமல் பயந்து சாகிறவர்கள் இரண்டாம் வகை. அதில் என் போட்டோவையே ஒட்டியிருக்கலாம்! தெரிந்து எதிர்ப்பவர், தெரிந்து ஆதரிப்பவர் என்று இன்னும் இரண்டு. தெரிந்து, இடம் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஐந்தாம் வகை. பிரிக்காமல் நன்றாக வந்தால் பிரிக்காதே. அர்த்தம் குழம்பினாலோ வாக்கியம் கோணலானாலோ தாராளமாகப் பிரி என்பதுதான் அவர் தீர்ப்பு.

இப்படி நாம் பயந்த இன்னும் சில விதிகளையும் போட்டு உடைக்கிறார். வாக்கியம் 'வித்', 'ஆஃப்' போன்ற சொல்லில் முடியக் கூடாது என்பது மூடநம்பிக்கை. 'நன்' என்ற சொல் ஒருமையாகத்தான் வரவேண்டும் என்பதும் தப்பு. 'ஷல்', 'வில்' வித்தியாசத்தைச் சகோதரர்கள் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, தென் இங்கிலாந்தில் பிறக்காதவர்களுக்கு இது பிடிபடுவது கஷ்டம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

எஞ்சினியர்களுக்கென்றே சொன்னது போல ஒன்று உண்டு. ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று வெட்கப்பட்டு வேறு சொல் போடாதே என்கிறார். முதல் வரியில் 'பம்ப்', இரண்டாவதில் 'எக்விப்மென்ட்', மூன்றாவதில் 'யூனிட்' என்று எழுதினால், படிப்பவர் மூன்று மெஷினைத் தேடுவார். நம் ரிப்போர்ட்டுகளில் தினமும் நடக்கிற கூத்து இது.

அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கும் அல்ல. 'இங்' விகுதிச் சொல்லுக்கு முன்னால் உடைமை வேற்றுமை வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் அதை மறுத்து எழுதினார். இன்று பல மொழி அறிஞர்கள் யெஸ்பர்சன் பக்கம்தான். பின்னால் 1965, 1996, 2015-ல் வந்த திருத்திய பதிப்புகள் ஃபௌலர் சொன்ன பலவற்றை மாற்றியிருக்கின்றன. தப்பில்லை. காரணம் சொல்லி எழுதியவரைத்தானே காரணம் சொல்லி மறுக்க முடியும்?

கடைசி வரை மனுஷன் மாறவில்லை. 68 வயதில் அவர் சிரமப்படுவதைப் பார்த்துப் பதிப்பகத்தார், வேலைக்காரர் வைத்துக்கொள்ளப் பணம் தருகிறோம் என்றார்கள். காலையில் இரண்டு மைல் ஓடிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குளத்தில் நீந்தி வந்தவன் நான், ஆள் வைத்தால் சீக்கிரம் செத்துப்போவேன் என்கிற ரீதியில் பதில் எழுதி மறுத்துவிட்டார். 1930-ல் மனைவி போனார். 1933 டிசம்பர் 26-ம் தேதி, சாமர்செட்டில் ஹின்டன் செயின்ட் ஜார்ஜ் என்ற கிராமத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பதவிக்காகக்கூட நம்பாததைச் சொல்ல மறுத்தவர், அர்த்தம் கெடும் இடத்தில் விதிக்காக எழுதச் சொல்லவில்லை. எனக்கு இரண்டும் ஒரே குணமாகத்தான் தெரிகிறது.

அந்தப் பையனைக் கூப்பிட்டு, தப்பு என்மேல்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்துக்கொண்டான். ஆனால் மீட்டிங்கில் மறுபடி வாய் திறக்க அவனுக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஒரு வட்டம் போட ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! உங்கள் இங்கிலீஷில் யாராவது வட்டம் போட்டால் பயப்படாதீர்கள். ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் கற்றுக்கொள்ளுங்கள். சக முன்னாள் மாணவர்களே, பேனாவை எடுக்கும் முன் அந்தக் காரணத்தை நாமும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.