பரஞ்சோதியார் படைத்தலைமை

சோழமண்டலத்துத் திருச்செங்காட்டங்குடியிலே மாமாத்திரர் மரபில் அவதரித்தவர் பரஞ்சோதியார். வைத்திய நூலும் வடநூற் கலைகளுங் கற்றுத் தெளிந்தவர். யானையேற்றம், குதிரையேற்றம், படைக்கலப் பயிற்சி என்பவற்றிலும் வல்லவர். கல்வியின் பயன் சிவபெருமான் திருவடிப் பற்றே எனத் துணிந்து, அடியார் தொண்டை நியமமாகக் கொண்டவர். இத்தகைய நல்லாரே பல்லவ மன்னனுக்கு அணுக்கராகிப் படைத்தலைமை பூண்டார்.

சேக்கிழார் சுவாமிகள் அம்மன்னன் பெயரைக் கூறிற்றிலர். சரித்திர ஆராய்ச்சியாளர் அவனை முதலாம் நரசிங்கவர்மன் என்பர். அவன் தந்தை மகேந்திரவர்மன் காலத்திலே சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி பல்லவரை வென்று காஞ்சி மதிலுள் அடங்கச் செய்தான் என்று 634-ஆம் ஆண்டின் ஐகோளெச் சாசனம் பெருமிதத்தோடு கூறும். அவ்வவமானத்துக்கு விடையாக 642-ஆம் ஆண்டளவிற் பல்லவர் சேனை சளுக்கியர் தலைநகராகிய வாதாபியைக் கைக்கொண்டது. பரஞ்சோதியார் அப்போரில் முன்னின்று நகரை அழித்து, பெரும் பொருளும் யானை குதிரைகளுங் கொணர்ந்து அரசன்முன் வைத்தார். அக்காலத்து நரசிங்கவர்மனிடம் அடைக்கலம் புகுந்திருந்த நம் ஈழநாட்டு இளவரசன் மானவர்மனும் போரில் அவனுக்கு உதவினான் என்று சூளவம்சம் கூறும். பின்னர்ப் பல்லவர் படைத்துணை கொண்டே மானவர்மன் அநுராதபுரத்து அரசெய்தினான்.

வெற்றியை அரசன் வியந்தபொழுது, அமைச்சர்கள் பரஞ்சோதியாருடைய சிவபத்தி வலிமையை எடுத்துரைத்து, அவரை எதிர்ப்பார் உலகில் இலர் என்றனர். அவ்வுரை கேட்ட அரசன் மகிழ்ந்திலன், நடுங்கினான். அடியார் ஒருவரை அறியாது கொடும் போர்முனைக்கு விடுத்தோமே என்று இரங்கி, பிழை பொறுக்க வேண்டினான். அவரோ, தம் மரபுக்குரிய தொழிலையே செய்தமையால் அதில் யாதொரு தீங்குமில்லை என்று பணிவுடன் மொழிந்தார். அரசன் நிதியளித்து, இனித் திருத்தொண்டே புரிக என விடைகொடுத்தான்.

அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குமின். சேனாபதிப் பதவிக்கு அவரினுந் தக்கார் இலரென அமைச்சர் கூறிய சான்றே அப்பதவியினின்றும் அவரை விடுவித்தது. வென்று தந்த தலைவனை விட்டுவிட எவ்வரசன் உடன்படுவான்? பகைவர் இன்னும் அற்றாரல்லர். ஆயினும் தன் நாட்டின் நலத்தினும் அடியாரது நெறியே பெரிதென்று அவன் கருதினான். பதவி நீங்கிய பரஞ்சோதியாரோ சிறிதும் வருந்தாது தம்மூர் திரும்பி, திருவெண்காட்டு நங்கையாரை மணந்து, அடியாரை அமுதுசெய்வித்துப் பின்னரே தாம் உண்டு வாழ்ந்தார். அடியார்முன் மிகச் சிறியராய் ஒழுகினமையாற் சிறுத்தொண்டர் என்னுந் திருநாமம் பெற்றார். அவரது பிற்காலத்து அருஞ்செயல் யாவரும் அறிந்ததே.

வாதாபி கொண்ட வீரரைச் சரித்திரம் ஒருவாறு நினைக்கும். சைவவுலகமோ சித்திரைப் பரணிதோறும் அவருடைய குருபூசையைக் கொண்டாடி, அவர் துறந்த பதவியை அன்று, ஏற்ற தொண்டையே போற்றுகின்றது.