நோபல் பரிசு கிட்டாத பேராசிரியர்

ஒரு கிருமி இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு நாலாகிறது, நாலு எட்டாகிறது. தாய்க் கிருமியின் குணம் சேய்க் கிருமிகளுக்கும் அப்படியே வந்துவிடுகிறது. அந்தக் குணத்தைச் சுமந்து செல்லும் பொருள் எது? இதற்கு விடை கண்டவர் ஓஸ்வால்ட் ஏவரி. அப்போது அவருக்கு வயது 66. மணம் செய்துகொள்ளாத மனிதர். விளம்பரம் என்றால் ஒதுங்கிப் போகிறவர்.

கனடாவில் ஹாலிபாக்ஸ் நகரில் 1877-ல் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறிற்று. 1904-ல் டாக்டரானார். ஆனால், வைத்தியத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1913-ல் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, நிமோனியாக் கிருமியே கதி என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கிருமியில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குச் சர்க்கரைச் சத்தாலான வழவழப்பான உறை இருக்கும். அது ஆளைக் கொல்லும். உறை இல்லாதது சாது. 1928-ல் லண்டனில் கிரிபித் என்ற டாக்டர், கொடிய கிருமியைச் சூட்டினால் கொன்று, உயிருள்ள சாதுக் கிருமியோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஊசி போட்டார். சுண்டெலிகள் செத்தன! சாதுக் கிருமிகள் உறை போர்த்திக் கொடியவையாகிவிட்டன. அவற்றின் சந்ததியும் அப்படியே.

ஏவரி முதலில் நம்பவில்லை. தம் கூடத்திலேயே அது மெய்யென்று தெரிந்த பிறகு விடவும் இல்லை. செத்த கிருமியிலிருந்து சாதுக் கிருமிக்குப் போனது என்ன? மக்ளியாட், மக்கார்ட்டி என்ற இளம் டாக்டர்களோடு கிருமிகளை லிட்டர் லிட்டராக வளர்த்து, சாரம் இறக்கினார். புரதத்தைச் சிதைக்கும் என்ஸைமைச் சேர்த்தார். சாரத்தின் சக்தி குறையவில்லை. டி.என்.ஏ.யைச் சிதைக்கும் என்ஸைமைச் சேர்த்தார், சக்தி போய்விட்டது!

பரம்பரைக் குணம் புரதத்தில்தான் இருக்கிறது என்பது அந்நாளைய விஞ்ஞானிகள் பலரின் கருத்து. நாலே வகைத் துண்டுகளால் ஆன டி.என்.ஏ.க்கு அவ்வளவு ஆற்றலா என்று அலட்சியமாக இருந்தார்கள். 1944 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. ஏவரியோ அளந்து அளந்து எழுதுகிறவர். பரம்பரையின் ரகசியம் இதுவே என்று அடித்துச் சொல்லவில்லை. அதே கழகத்தில் இருந்த மிர்ஸ்கி, சாரத்தில் புரதம் துளி ஒட்டியிருக்கலாமே என்று வாதாடிக்கொண்டிருந்தார். நோபல் பரிசுக் குழுவும் தயங்கிற்று. ஏவரியின் அடக்கமே அவருக்கு எதிரியாயிற்று என்று சொன்னாலும் தவறில்லை.

1945-ல் லண்டன் ராயல் சொஸைட்டி காப்ளே பதக்கம் அளித்தது. அதை வாங்க அவர் கப்பல் ஏறவில்லை. 1948-ல் ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு, நாஷ்வில் நகரில் தம்பி வீட்டுக்கு அருகே போய்த் தங்கினார்.

1953-ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டை இழையைக் கண்டறிந்தார்கள். இழை இரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குத் துணை இழையைக் கட்டிக்கொள்ளும் என்பது விளங்கிற்று. ஏவரி 1955 பிப்ரவரி 20-ல் ஈரல் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டே ஆர்தர் கார்ன்பெர்க், குடலில் வாழும் ஈ.கோலி கிருமியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் என்ஸைமைப் பிரித்தெடுத்தார். 1959-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ஏவரி மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.