போக்கர் தெரியாத போக்கர் ராஜா! ஐதர் அலியின் கதை

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது மலைதான். திண்டு போட்டது போன்ற மொட்டைப் பாறை. உச்சியில் கோட்டை. 1755-ம் ஆண்டில் அந்தச் சீமைக்கு ஒரு புதிய அதிகாரி வந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. படிக்கவும் தெரியாது. ஆனால், எதிரில் நிற்பவர் முகத்தைப் படித்து விடுவார்.

அவர்தான் ஐதர் அலி!

கோலார் பக்கத்தில் பூதிக்கோட்டையில் பிறந்தவர். மைசூர்ப் படையில் சேர்ந்து உயர்ந்தவர். திண்டுக்கல் அப்போது மைசூருக்கு உட்பட்டிருந்தது. பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்க அவரை பௌஜ்தாராக அனுப்பினார்கள்.

அவருடைய கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு போக்கர் என்ற சீட்டாட்டம் நினைவுக்கு வரும். ஐதர் காலத்தில் அந்த ஆட்டம் கிடையாது. அது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றி, மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களில் பரவியது. ஆனால் அதன் சூட்சுமம் முழுவதும் ஐதருக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு 5 சீட்டு. ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, வரிசையாக ஐந்து, ஒரே இனத்தில் ஐந்து என்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும். சீட்டைக் காட்டாமலே பந்தயம் கட்ட வேண்டும். ஒருவர் கட்டினால், மற்றவர் அதே அளவு கட்டலாம், கூட்டியும் கட்டலாம். அல்லது சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவருக்கே பந்தயம் முழுவதும். அவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதே இல்லை! (காசு வேண்டாம். வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடினால் போதும்.)

மஞ்சள் கட்டு

நல்ல சீட்டு வந்தவரே ஜெயிப்பார் என்று புதிதாக ஆடுகிறவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. 5 சீட்டு எடுத்தால், பாதித் தடவை ஒரு ஜோடிகூட இருக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எதிராளி நம்புகிறார்? அதில்தான் ஆட்டமே இருக்கிறது.

திண்டுக்கல்லில் ஐதர் செய்ததைப் பாருங்கள். பாளையக்காரர்களோடு சண்டை நடந்தது. காயம்பட்ட சிப்பாய்க்குப் புண் ஆறும்வரை தனிப் படி உண்டு. கணக்குப் பார்க்கத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஐதர் என்ன செய்தார்? நல்ல உடம்போடு இருந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களின் கை கால்களில் துணியைச் சுற்றச் சொன்னார். துணியில் மஞ்சள் பூசச் சொன்னார். அதிகாரி ஒரு கட்டையாவது அவிழ்த்துப் பார்த்தாரா? இல்லை. அத்தனை பேருக்கும் படி கிடைத்தது!

வில்க்ஸ் துரை எழுதிய மைசூர்ச் சரித்திரத்தில் உள்ள சம்பவம் இது. மோசடிதான், மறுப்பதற்கில்லை. திண்டுக்கல்லில் ஐதரின் பணமும் படையும் பெருகின. பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு அங்கே ஆயுதச் சாலையும் அமைத்தார்.

கீழே போடுவது கோழைத்தனமா?

சீட்டைக் கீழே போடுவது வெட்கம் என்று எண்ணிப் பணத்தை இழப்பவர்கள் பலர். ஐதர் அப்படி எண்ணவில்லை.

1760 ஆகஸ்டு மாதம். ஐதரிடம் கணக்குப் பார்த்து வந்த கண்டே ராவ் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திடீரென்று அவருக்கு எதிராகத் திரும்பினார். பீரங்கிகள் முழங்கின. ஐதர் எதிர்த்து நிற்கவில்லை. குடும்பத்தையும் பொக்கிஷத்தையும் விட்டுவிட்டு, சில குதிரை வீரர்களோடு இரவில் ஆற்றைக் கடந்து ஓடிவிட்டார்.

மறு ஆண்டு திரும்பி வந்தார். கண்டே ராவின் தளபதிகள் அவரைப் பிடித்துக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது போலப் பொய்க் கடிதங்கள் தயாரித்தார். அவை கண்டே ராவின் கையிலேயே சிக்கும்படியும் செய்தார்! கண்டே ராவ் தன் படையை விட்டே ஓடினார். விரைவில் மைசூர் ஐதரின் கைக்கு வந்தது.

பீரங்கி இல்லாத படை

அடிக்கடி ஏமாற்றுகிறவரே போக்கரில் கெட்டிக்காரர் என்பார்கள். அதுவும் தவறு. ஓயாமல் ஏமாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்து முறை உண்மையான கையோடு கட்டியவர் பதினோராவது முறை வெறுங்கையோடு கட்டினால்தான் எதிராளி நடுங்குவார்.

1767 முதல் ஐதர் கும்பினியாரோடு போரிட்டார். அவருடைய குதிரைப்படை ஊர் ஊராகச் சூறையாடியதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். 1769 மார்ச்சில் ஐதர் தம் பெரும் படையை வேறு பக்கம் அனுப்பிவிட்டார். பொறுக்கி எடுத்த 6,000 குதிரை வீரர்களோடு 130 மைலை மூன்றரை நாளில் கடந்தார். பரங்கிமலை அருகே வந்து நின்றார்!

சென்னைக் கோட்டையைப் பிடிக்கப் பீரங்கி வேண்டும். அவரிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கோட்டைக்குள் இருந்தவர்கள் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள்.

எப்போதும் அப்படி நடக்கவில்லை. 1781 ஜூலை 1-ந் தேதி பரங்கிப்பேட்டையில், அயர் கூட்டின் படையைவிடப் பல மடங்கு பெரிய படை ஐதரிடம் இருந்தது. கூட் பின்வாங்கவில்லை. ஐதர் தோற்றார். போக்கரில் அதுவும் உண்டு.

1782 டிசம்பர் 7-ந் தேதி, சித்தூர் அருகே பாசறையில் ராஜபிளவை நோயால் ஐதர் காலமானார். மகன் திப்பு தொலைவில் மலையாளக் கரையில் இருந்தார். செய்தி பரவினால் படை கலைந்துவிடும். அமைச்சர்கள் மூச்சு விடவில்லை. உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போவதுபோலக் கோலாருக்கு அனுப்பினார்கள். பாசறையிலோ, ஐதர் நோயாகப் படுத்திருப்பதாகவே சொல்லி எல்லா வேலையையும் நடத்தினார்கள், திப்பு வந்து சேரும்வரை.