சுழலும் பாத்திரமும் சந்திரசேகரும்

வெப்பச் சலனத்துக்கு அடுப்பில் காயும் தண்ணீரைத்தான் வகுப்பில் உதாரணம் காட்டுவார்கள். அந்தப் பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றினால் என்ன ஆகும்? மலாக்காவில் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இன்று பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலும் நான் இதற்கு விடை தேடியபோது அறிந்துகொண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-இல் லாகூரில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சர் சி.வி. இராமன் அவருடைய சித்தப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1930-இல் கேம்பிரிட்ஜ் புறப்பட்டார். வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கப்பலிலேயே கணித்தார். 1935-இல் இலண்டன் கூட்டமொன்றில் அதை விளக்கியபோது, புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எழுந்து எள்ளி நகையாடினார். விண்மீனை ஆய்வகத்துக்குக் கொண்டுவர முடியாதே! அந்த முடிவு ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின.

1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1950-களில் அவர் கவனம் திரவங்களின் பக்கம் திரும்பியது. கீழிருந்து சூடேறும் திரவத்தைச் சுழற்றினால் அது எளிதில் புரளாது, கூடுதல் சூடு வேண்டும் என்றது அவர் கணக்கு. விரைவாகச் சுழலும் பாதரசமோ ஊசலாடியபடியே அசையத் தொடங்கும் என்றும் 1953-இல் எழுதினார்.

இம்முறை விண்மீன் தேவைப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் வானிலைத் துறையில் டேவ் பல்ட்ஸும் நாககாவாவும் பாதரசத்தைச் சுழற்றிச் சூடேற்றினர். 1955-இல் முடிவு வெளிவந்தது. கணித்தபடியே பாதரசம் ஊசலாடியது.

பல்ட்ஸின் ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. சுழலும் தட்டில் நீரூற்றி, விளிம்பைச் சூடாக்கி, நடுவைக் குளிர்வித்தார்கள். விளிம்புதான் பூமத்திய ரேகை; நடுதான் துருவம். நீரில் வளைந்து நெளியும் விரைவான ஓட்டம் தோன்றியது. வானில் விமானிகள் சந்திக்கும் ஜெட் காற்றோட்டத்தின் சிற்றுருவம் அது! வியாழன் கோளின் பட்டைகளையும் கடல் நீரோட்டங்களையும் ஆராய இன்றும் இத்தகைய தொட்டிகள் சுழல்கின்றன.

பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்குச் சுழற்சியின் பிடி தளர்வு. ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் பிற்பகலில் கொட்டும் இடிமழைக்குச் சூடேறிய காற்று மேலெழுவதே முக்கியக் காரணம். பாத்திரத்தில் நடப்பதுதான் நம் தலைக்கு மேலும் நடக்கிறது.

இந்த ஆய்வுகளையெல்லாம் 1961-இல் பெருநூலாக்கிய சந்திரசேகர், பிறகு வேறு துறைக்குச் சென்றார். 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995-இல் மறைந்தார்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதும் தம்பி தங்கையரே, ஆய்வகப் பயிற்சியைப் புள்ளிகளுக்காக மட்டும் செய்யாதீர்கள். சொன்னவர் பெரியவரா சிறியவரா என்று பாதரசம் பார்ப்பதில்லை.