குச்சிக்கு உயிர் தந்த கைகள்

வானம் பார்த்த பூமி சிவகாசி. மழை பொய்த்தால் வயல் பொய்க்கும். வயல் பொய்த்தால் வயிறு காயும். அந்தக் கரிசல் மண்ணின் மைந்தர் பி. அய்ய நாடார்.

1920-களின் தொடக்கத்தில், இளங்காளைப் பருவத்தில், உறவினர் சண்முக நாடாரோடு கல்கத்தாவுக்கு ரயிலேறினார். புனித நீராடவா? பொழுது போக்கவா? இல்லை! தீப்பெட்டித் தொழிலைக் கற்று வர! 1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு, குரோசுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. அந்த வேலியின் நிழலில் உள்நாட்டுத் தொழில் முளைவிட்டது. வேலியைத் தாண்டவும் ஆள் இருந்தது! ஸ்வீடன் முதலாளிகள் 1923-இல் இங்கேயே விம்கோ கம்பெனியை நிறுவினர். யானை ஒருபுறம், எறும்பு மறுபுறம்!

ஊர் திரும்பியவர்கள் ஜெர்மனியிலிருந்து எந்திரம் தருவித்தனர். கட்டுப்படியாகவில்லை. முதலை எந்திரம் விழுங்குமுன் விழித்துக்கொண்டனர், கைத்தொழிலாக மாற்றினர். கட்டை அடுக்க, மருந்து முக்க, பெட்டி ஒட்டக் கைகள் வேண்டும். வேலையற்ற கைகளோ கரிசலெங்கும் காத்துக் கிடந்தன! தொழில் பிழைக்கத் தேர்ந்த வழி, ஊர் பிழைக்கும் வழியாயிற்று. பின்னர் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர். 1934-இல் வந்த உற்பத்தி வரியையும் தாங்கித் தீப்பெட்டி நிலைத்தது. பட்டாசும் அச்சகமும் பெருகின. 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி எழுந்தது. ஈட்டியதில் ஒரு பங்கு ஊருக்குத் திரும்பியதை மறுப்பார் யார்? நாம் மறுக்கவில்லை, பாராட்டுகிறோம்!

ஆனால் தோழர்களே, அந்த வட்டாரத்தின் வரவு செலவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. கோடிக்கணக்கில் பணம் புரளும் எந்திரத்தை ஏழையின் கை எதிர்த்து நின்றது எப்படி? குறைந்த கூலியால்! எண்ணிக்கைக் கூலிக்கு விரல் தேய்ந்தனர் தாய்மார்கள். ஏடு தூக்க வேண்டிய வயதில் கட்டை அடுக்கின பிஞ்சுகள். குழந்தைத் தொழிலாளர் (தடை, முறைப்படுத்தல்) சட்டம் 1986-இல் வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. அவற்றின் பழியை மறைந்த ஒருவர் தலையில் சுமத்துவது முறையன்று. படிப்பினையை மறப்பதும் முறையன்று!

மிஞ்சியதை ஈவது கொடை. மிஞ்சுமுன் உழைத்தவனுக்குரியதை அளப்பது நீதி. கூலியும் உயிர்க்காப்பும் கணக்கேட்டின் முதல் வரி. கல்லூரி அடுத்த வரி. அதன் பிறகும் இலாபம் நிற்குமானால், அதுவே ஊரை வாழவைக்கும் தொழில்!

அன்று அவர் தந்தது வேலை. அந்த வேலைக்குப் போனவன் மாலையில் வீடு திரும்புவான் என்ற உறுதியைப் பெறுவது நம் கடன். சங்கமாய்ச் சேர்ந்து பெறுவோம்!